கம்போடியா சாம் ரெயின்சி: ஊருக்குள்ள கால் வைக்க முடியாத தலைவர நம்பலாமுங்களா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. நேத்து சாயந்திரம் பேக்கரில டீ குடிச்சிட்டு இருக்கறப்ப ஒருத்தர் கேட்டாரு, வெளிநாட்டுல போயி உக்காந்துக்கிட்டு ஊர்ல இருக்கறவன போராடச் சொல்றவனெல்லாம் ஒரு தலைவனான்னு. நான் கம்போடியா கதைய ஆரம்பிச்சேன், பாதில அவருக்கு போன் வந்து வண்டியெடுத்துட்டு கெளம்பிட்டாரு. சொல்லாம விட்டது தொண்டைலயே நிக்குது, இங்க கொட்டிடறேன். அட்மின், அரசியல்னு தூக்கிறாதீங்க, இதுல நம்ம பனியன் தொழிலும் இருக்கு.

நான் 2012 கடைசில இருந்து 2016 வரைக்கும் ப்னோம் பென்ல ஒரு கார்மெண்ட் பேக்டரில புரொடக்சன் பார்த்தேன். போறதுக்கு முன்னாடி எனக்கு கம்போடியான்னா "அவனுக்கு யூரோப்புல எறக்குமதி ட்யூட்டி இல்ல, நமக்கு இருக்கு", அவ்வளவுதான் தெரியும். போன புதுசுல லைன்ல தைக்கிற புள்ளைங்க மதிய சோத்து நேரத்துல குசுகுசுன்னு ஒரு பேரச் சொல்லுவாங்க, யாராச்சும் வந்தா நிறுத்திக்குவாங்க. அந்தப் பேருதான் சாம் ரெயின்சி, அங்கத்த எதிர்க்கட்சித் தலைவர்.

ஆளு 1949ல பொறந்தவரு. அவங்கப்பா சாம் சாரி, மன்னர் சிஹானுக்குக்கு நெம்ப நெருக்கமா இருந்தவரு, 1954 ஜெனீவா பேச்சுவார்த்தைக்கு போனவரு, லண்டன்ல தூதரா இருந்தாரு. பொறவு மன்னரோட பகை ஆயிருச்சு, 1959ல ஊர விட்டு ஓடுனவரு, அத்தோட காணாம போயிட்டாரு, கொன்னுட்டாங்கன்னுதான் எல்லாரும் சொல்றது. பையன் 1965ல, 16 வயசுல பிரான்ஸ் போனாரு. அங்கயே படிச்சு பேங்க், பைனான்ஸ்னு நல்ல வேலை. கம்போடியால போல் பாட்டுங்கற சர்வாதிகாரி காலம் வந்து லட்சக்கணக்கான சனம் செத்தப்ப இவரு பாரிஸ்ல. எதிராளிக இன்னைக்கும் குத்திக்காட்டறது இதத்தான்.

1992ல ஊருக்கு திரும்புனாரு, 93 எலெக்சன்ல சியெம் ரியப்ல இருந்து எம்பி, உடனே நிதி மந்திரி. லஞ்சம் வாங்கறவங்கள நோண்ட ஆரம்பிச்சாரு, 94 அக்டோபர்ல மந்திரி பதவி போச்சு, 95ல கட்சியும் போச்சு எம்பி பதவியும் போச்சு. அந்த வருசமே சொந்தமா கட்சி.

1997 மார்ச் 30, நாடாளுமன்றத்துக்கு எதுத்தாப்ல கோர்ட்டு நேர்மையா இருக்கோணும்னு ஒரு ஆர்ப்பாட்டம். வந்தவங்கள்ல நெறையப்பேரு கார்மெண்ட் தொழிலாளிக. கூட்டத்துக்குள்ள வரிசையா கையெறி குண்டு வீசுனாங்க. கொறஞ்சது 16 பேரு செத்தாங்க, 150 பேருக்கு மேல காயம். மெய்க்காப்பாளர் ஒருத்தர் இவரு மேல விழுந்து மறைச்சுக்கிட்டாரு, அவரு செத்தாரு இவரு பொழச்சாரு. அமெரிக்கக்காரர் ஒருத்தருக்கும் காயம்ங்கறதால எப்பிஐ வரைக்கும் வந்து விசாரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு தண்டனை வாங்கல. எங்க பேக்டரில கட்டிங் செக்சன் அம்மா ஒருத்தங்களுக்கு கெண்டைக்கால்ல அந்தக் குண்டுச் சில்லு தழும்பு இருந்துச்சு, ஒரே ஒருதடவ பாவாடைய கொஞ்சம் ஒசத்திக் காட்டுனாங்க, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல.

மீதிய அப்பறம் எழுதறனுங்க, கரண்டு போயிரும்போல.

சென்னிமலைதறி எழுதியது:

நல்லா போயிட்டு இருந்துச்சு, பாதில அத்துட்டீங்களே. நம்ம ஊரு கரண்டுக்கும் அந்தாளு பொழப்புக்கும் பெருசா வித்தியாசம் இல்ல போங்க, வரும் போகும்.

அவினாசிரோடு எழுதியது:

நொய்யல்கரை அண்ணா, கதை சரி. ஆனா நம்ம தொழில் பக்கம் இருந்து ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கம்போடியாக்கு யூரோப்புல ஈபிஏன்னு ஒரு சலுகை, ஆயுதத்த தவிர எத அனுப்புனாலும் வரி இல்ல. பங்களாதேஷுக்கும் அதே. அவனவன் சைபர்ல போறப்ப நாம 9.6 பர்சென்ட் கட்டிக்கிட்டு அதே பையர்கிட்ட நின்னோம். ஒரு டீசர்ட்டுக்கு நாலு சென்ட்டுக்கு மல்லுக்கட்டற எடத்துல இது எவ்வளவு பெரிய அடின்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எதிர்க்கட்சிய கலைச்சதுக்காக யூரோப்புக்காரன் 2020 ஆகஸ்ட் 12ல இருந்து அந்த சலுகைல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்க புடுங்குனான். சாம் ரெயின்சி வெளிய இருந்து அந்த நெருக்கடிய குடுக்கச் சொல்லி கேட்டவரு. என்ற பார்வைல அந்தாளு நமக்கு நல்லதுதான் பண்ணாரு, பாவம் அவங்க புள்ளைங்களுக்குத்தான் ஆகல.

ஒன்றரைஷிப்ட் எழுதியது:

அவினாசிரோடு சார் உங்களுக்கு நல்லது நடந்துச்சுன்னு எழுதறீங்களே உங்க கம்பெனில கைமடிக்கற அம்மாவுக்கு அதுல எத்தன ரூவா வந்துச்சுன்னும் எழுதுங்க. நான் 19 வருசமா ஓவர்லாக் ஓட்டறவன், ட்யூட்டி கொறஞ்சாலும் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட்தான், ஏறுனாலும் ஒன்றரை ஷிப்ட்தான், சனிக்கிழம கவர்ல மட்டும் ஒரு மாத்தமும் இருக்காது.

நொய்யல்கரை அண்ணா அங்க 2014ல சம்பளம் கேட்டவங்கள சுட்டாங்கன்னு சங்கத்துல பேசிக் கேட்டிருக்கேன். நீங்க அப்ப அங்கதான இருந்திருக்கீங்க, அத எழுதுங்க. 1984ல நம்ம திருப்பூர்ல பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, எங்கப்பா அதுல இருந்தவரு, வீட்டுல அடுப்பு எரியாத கதையெல்லாம் சொல்லுவாரு. அதனால இது எனக்கு தூரத்து விசயமாத் தெரியல.

நொய்யல்கரை எழுதியது:

கரண்டு வந்துருச்சு. ஒன்றரைஷிப்ட் தம்பி கேட்டதுக்கே வரேன்.

அதுக்கு முன்னாடி, அந்தாளு ஒருக்கா போயி ஒருக்கா வந்தவரு இல்ல. 2005ல எம்பி பாதுகாப்ப எடுத்தாங்க, பிரான்சுக்கு போனாரு, 2006ல மன்னிப்பு கெடச்சு வந்தாரு. 2009ல வியட்நாம் எல்லைல ஸ்வாய் ரியெங்ல விவசாயிக நெலத்துல நட்ட எல்லைக்கம்பத்த புடுங்குனாரு, கேஸு, மறுபடி பிரான்ஸ். 2012ல வெளிய இருந்துக்கிட்டே கெம் சோகாங்கற இன்னொரு தலைவரோட கட்சியும் தன் கட்சியும் ஒண்ணா சேர்த்தாரு. 2013 ஜூலைல எலெக்சனுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப மறுபடி மன்னிப்பு. பிரதமர் ஹுன் சென் கேட்டு மன்னர் குடுக்கற மன்னிப்பு, அதையும் கவனிச்சுக்கோங்க, கதவுச் சாவி எப்பவும் எதிராளி கைல.

2013 ஜூலை 19 அன்னைக்கு ஏர்போர்ட் ரோட்டுல நான் நின்னேன். பேக்டரி லீவு இல்ல, ஆனா லைன்ல பாதிக்கு ஆளே இல்ல, சரி என்னதான்னு பாப்போம்னு போனேன். நம்மூர்ல அந்தியூர் குருநாதசாமி தேர் அன்னைக்கு கூட்டம் எப்படி நிக்கும், அதுமாதிரி ரோடு முழுக்க. ஒரு ட்ரக்கு மேல நின்னுக்கிட்டு வந்தாரு, கண்ணாடி போட்ட ஒல்லியான மனுசன், பேங்க் மேனேஜர் மாதிரித்தான் இருந்தாரு. சனம் "மாத்தோணும், மாத்தோணும்"னு கத்துது. அவரு வேட்பாளரா நிக்க முடியாது, பேரு லிஸ்ட்லயே இல்ல. ஆனாலும் 28ம் தேதி ரிசல்ட், 123 சீட்ல 55 அவங்க கட்சிக்கு. 1985ல இருந்து பிரதமரா இருந்த ஹுன் சென் கட்சிக்கு 68. அந்த வாரம் ஆபீஸ்ல சீனாக்காரர் மேனேஜர் மொகத்த பாக்கோணுமே.

எண்ணிக்கைல மோசடின்னு சொல்லி நாடாளுமன்றத்துக்கு போகாம ஒரு வருசம் போராட்டம். டிசம்பர்ல அதோட எங்க கார்மெண்ட் சனமும் சேர்ந்துச்சு. அப்ப மாசம் குறைஞ்ச சம்பளம் 80 டாலர். இவங்க 160 கேட்டாங்க. அரசாங்கம் 95ன்னுச்சு, பொறவு 100ன்னுச்சு. 2014 ஜனவரி 3, வெங் ஸ்ரெங் ரோட்டுல துப்பாக்கிச்சூடு, நாலு பேராச்சும் செத்தாங்க. எங்க பேக்டரில இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். ஷட்டர் இறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம். பையர் ஆபீஸ்ல இருந்து மெயில் வருது, ஷிப்மென்ட் டேட் மாறுமான்னு. எனக்கு வந்த மெயிலு, பதிலும் நான்தான் போட்டேன், "நாலு நாள் டிலே" அப்படீன்னு.

பொறவு சம்பளம் வருசா வருசம் ஏறுச்சு, 2015ல 128, 2018ல 170, 2023ல 200 டாலர். ஹுன் செனே பேக்டரி பேக்டரியா வந்து தொழிலாளிக கூட சோறு தின்னு போட்டோ எடுத்துக்குவாரு. அந்த 55 சீட்டு பயம் இல்லாட்டி அது ஏறியிருக்காதுங்கறது என்ற வாதம்.

பொள்ளாச்சிபொண்ணு எழுதியது:

அண்ணா நல்லா எழுதறீங்க ஆனா ஒரு பக்கமா போகுது. எல்லைக்கம்பம் புடுங்குனத விவசாயி பிரச்சனை மாதிரி சொல்லிட்டு கடந்துட்டீங்க. சாம் ரெயின்சி கட்சி வருசக்கணக்கா வியட்நாம்காரங்க மேல வெறுப்ப ஏத்தித்தான் ஓட்டு வாங்குச்சு. "யுவோன்"னு அவங்கள எளக்காரமா சொல்ற வார்த்தைய மேடைல பேசுனதுக்கு மனித உரிமைக்காரங்களே கண்டிச்சிருக்காங்க. அங்க தலைமுறையா மீன் புடிச்சு வாழற ஏழை வியட்நாமிய குடும்பங்க இருக்கு, ஜனநாயகம்னு பேசுற ஆளு அவங்கள பத்தி பேசறப்ப வேற ஆளாயிடறாரு. நம்ம ஊர்லயும் பாக்கறோம்ல, பீகார் ஒடிசால இருந்து வந்து தைக்கிற பசங்கள பத்தி சில பேரு பேசற பேச்சு, அதே வாசனை.

காங்கேயங்காளை எழுதியது:

அம்மிணி அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க, வியட்நாம் படை அந்த நாட்டுக்குள்ள பத்து வருசம் நின்னுச்சு, அவங்களுக்கு பயம் இருக்காதா?

பொள்ளாச்சிபொண்ணு எழுதியது:

நின்னது ராணுவமுங்க. போல் பாட்ட வெரட்டுனதும் அதே ராணுவம்தான். ஆத்துல படகுல இருக்கறவன் என்ன பண்ணான்.

நொய்யல்கரை எழுதியது:

பொள்ளாச்சிபொண்ணு சொல்றது சரி. நான் மழுப்பிட்டேன், ஒத்துக்கறேன். எங்க லைன்லயும் ஒரு புள்ளைய வியட்நாமியன்னு சந்தேகப்பட்டு ரெண்டு நாள் யாரும் கூட உக்காந்து சோறு திங்கல, அந்தப்புள்ள வேலைய விட்டே போயிருச்சு. 2014ல நடந்தது. அதுக்கும் அந்த மேடைப் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்.

கருங்கல்பாளையம் எழுதியது:

ரிட்டயர்டு வாத்தியார், டைப் பண்றது மெதுவா வரும், பொறுத்துக்கோங்க. வெளிய போயிட்டா தலைவன் இல்லேங்கறது நம்ம நாட்டுலயே செல்லாதுங்க. பாரதியார் 1908ல வெள்ளக்காரன் புடிக்கறதுக்குள்ள பாண்டிச்சேரிக்கு போனவரு, பத்து வருசம் அங்கதான். 1918 நவம்பர்ல எல்லை தாண்டி வெளிய வந்தவர கடலூர் பக்கம் கைது பண்ணி உள்ள வெச்சாங்க, பொறவு கட்டுப்பாடு போட்டு விட்டாங்க. எங்க கருங்கல்பாளையம் வாசகசாலைல 1921 ஜூலை 31 அன்னைக்கு வந்து பேசுனாரு, "மனிதனுக்கு மரணமில்லை"ங்கறது தலைப்பு. ஒன்றரை மாசத்துல போயிட்டாரு. அந்த எடத்த தாண்டித்தான் நான் தினமும் காய் வாங்கப் போறேன். பாண்டிச்சேரில இருந்த பத்து வருசம் அவர யாரு கோழைன்னு சொன்னாங்க?

ஒன்றரைஷிப்ட் எழுதியது:

ஐயா மரியாதையோட சொல்றேன், பாரதியார் ஓடிப்போயி பாட்டு எழுதுனாரு, நாளைக்கு காலைல எல்லாரும் வேலைக்கு போகாதீங்கன்னு உத்தரவு போடல. வித்தியாசம் அங்கதான் இருக்கு. எங்காளுக கத எடுத்துக்கோங்க, சின்னியம்பாளையம் தியாகிக நாலு பேரு, மில் தொழிலாளிக, 1946 ஜனவரி 8 கோயமுத்தூர் ஜெயில்ல தூக்கு. அவங்களுக்கு பாண்டிச்சேரியும் இல்ல பாரிசும் இல்ல. ஓடறதுக்கு கூட ஒரு வசதி வேணுமுங்க.

கருங்கல்பாளையம் எழுதியது:

இதுக்கு பதில் யோசிச்சுத்தான் எழுதோணும் தம்பி.

அவினாசிரோடு எழுதியது:

2015க்கு அப்பறம் என்ன ஆச்சு அண்ணா, அத முடிங்க. நடுவுல அவர விமானம் ஏற விடலேன்னு நியூஸ் பாத்த ஞாபகம்.

நொய்யல்கரை எழுதியது:

2015 நவம்பர்ல கொரியால இருந்தப்ப ஒரு பழைய அவதூறு கேஸ தூசி தட்டி வாரன்ட் போட்டாங்க. திரும்பி வருவேன்னு மொதல்ல சொன்னாரு, வரல. அந்த ராத்திரி எங்க ஹாஸ்டல் புள்ளைக ஏர்போர்ட் போகலாமா வேண்டாமான்னு பேசிட்டே விடிஞ்சிருச்சு.

2017 பிப்ரவரில, தண்டனை வாங்குன ஆளு தலைவரா இருந்தா கட்சியவே கலைக்கலாம்னு சட்டம் கொண்டாராங்கன்னு தெரிஞ்சதும் பதவிய ராஜினாமா பண்ணாரு. அப்பவும் விடல. செப்டம்பர் 3 நடுராத்திரி, ஊர்லயே இருந்த கெம் சோகாவ தேசத்துரோகம்னு கைது. நவம்பர் 16 உச்சநீதிமன்றம் கட்சிய கலைச்சுது, 118 பேருக்கு அஞ்சு வருசம் அரசியல் தடை. 2018 எலெக்சன்ல 125 சீட்டும் ஆளுங்கட்சிக்கு. நூத்துக்கு நூறு, பள்ளிக்கூடத்துல கூட எவனும் வாங்காத மார்க்கு.

2019ல நவம்பர் 9, அவங்க சுதந்திர தினம், அன்னைக்கு வரப்போறேன்னு தேதி குறிச்சாரு. தாய்லாந்து வழியா தரைல வர்ற திட்டம். தாய்லாந்து பிரதமர் விடமாட்டேன்னுட்டாரு, பாரிஸ் ஏர்போர்ட்ல தாய் ஏர்வேஸ்காரன் ஏத்தல. ஹுன் சென் எல்லை பூரா ராணுவத்த நிறுத்திட்டாரு. இவரு 9ம் தேதி கோலாலம்பூர்ல எறங்குனாரு, அதோட சரி. மக்கா நாள் கெம் சோகாவோட வீட்டுக்காவல தளத்துனாங்க. போனவரு வராததுல இருந்தவருக்கு கொஞ்சம் காத்து வந்துச்சுன்னு வெச்சுக்கலாம், ஆனா அதுவும் நிக்கல. 2021ல ரெயின்சிக்கு ஆளில்லாமயே 25 வருசம், 2023ல கெம் சோகாவுக்கு 27 வருசம். ஒருத்தர் ஓடுனாரு ஒருத்தர் இருந்தாரு, தண்டனைல ரெண்டு வருசம்தான் வித்தியாசம். அவங்க ரெண்டு பேருக்குள்ளயும் பின்னால ஒத்துவரல.

அவரோட பழைய கட்சி மெழுகுவர்த்தி சின்னத்தோட மறுபடி எந்திரிச்சு 2022 உள்ளாட்சில நூத்துக்கு 22 ஓட்டு வாங்குச்சு. 2023ல பேப்பர் சரியில்லேன்னு எலெக்சன்லயே நிக்க விடல. அந்த ஆகஸ்ட்ல ஹுன் சென் எறங்கி மகன் ஹுன் மானெத்த பிரதமராக்கிட்டாரு.

கோபிபக்கம் எழுதியது:

அண்ணா நடுவுல வரதுக்கு மன்னிச்சுக்கோங்க, கம்போடியால டேட்டா என்ட்ரி வேலை, மாசம் 80 ஆயிரம்னு என்ற மச்சானுக்கு ஒரு ஏஜென்ட் சொல்றான், விசா இலவசம்ங்கறான். போகலாமுங்களா?

நொய்யல்கரை எழுதியது:

போகவே கூடாது கண்ணு. அது ஆன்லைன் மோசடி பண்ற காம்பவுண்டுக்குள்ள தள்ளி பாஸ்போர்ட்ட புடுங்கிக்கற வேல. தமிழ்நாட்டுப் பசங்க பலபேரு மாட்டி அரசாங்கம் மீட்டுட்டு வந்திருக்கு. டூரிஸ்ட் விசாவுல அனுப்பறான்னா சந்தேகமே வேண்டாம். மச்சான் நம்பர தனி மெசேஜ்ல போடுங்க, நானே பேசறேன்.

சென்னிமலைதறி எழுதியது:

கோபிக்காரரே, இன்னைக்கு இந்த இழைக்கு ஒரு புண்ணியம் ஆச்சுங்க.

பொள்ளாச்சிபொண்ணு எழுதியது:

வெளிய போனா பாதுகாப்புன்னு நெனச்சுட்டு இருக்கோம், அதுவும் இல்ல. கலைச்ச அந்த எதிர்க்கட்சில எம்பியா இருந்த லிம் கிம்யாவ 2025 ஜனவரி 7 பாங்காக்ல நடுரோட்டுல சுட்டுக் கொன்னாங்க. அவருகிட்ட பிரான்ஸ் பாஸ்போர்ட்டும் இருந்துச்சு. அதனால ஓடிட்டான் ஓடிட்டான்னு சுலபமா சொல்லவும் எனக்கு வாய் வரல. ஆனா ஒன்றரைஷிப்ட் அண்ணா கேட்ட கேள்வி அப்படியே நிக்குது, வெளிய இருந்துக்கிட்டு உள்ள இருக்கறவங்களுக்கு உத்தரவு போடலாமா?

ஒன்றரைஷிப்ட் எழுதியது:

அதேதான். ட்யூட்டி சலுகைய புடுங்குங்கன்னு பாரிஸ்ல இருந்து கேக்கறது யாரு வயித்துல விழும்? ஏழு லட்சம் பேருக்கு கொறையாம தைக்கிறாங்கன்னு சொல்றாங்க, பொம்பளைகதான் முக்காவாசி. அவங்ககிட்ட கேட்டுட்டா கேட்டாரு? கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களோ என்னமோ, எங்கப்பா 127 நாள் அடுப்பு அணைச்சாரு, ஆனா அது அவரு முடிவு.

காங்கேயங்காளை எழுதியது:

கேக்கறதுக்கு உள்ள விட்டாத்தானே கேப்பாரு.

நொய்யல்கரை எழுதியது:

இதுக்கு என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு சம்பவந்தான்.

2018 எலெக்சனுக்கு ரெயின்சி வெளிய இருந்து, யாரும் ஓட்டுப் போடாதீங்க, வெரல சுத்தமா வெச்சுக்கோங்கன்னு சொன்னாரு. நம்மள மாதிரியே அங்கயும் வெரல்ல மை வெப்பாங்க. நான் அப்ப திருப்பூர் வந்துட்டேன். என் லைன்ல சூப்பர்வைசரா இருந்த ஒரு அக்கா, அவங்கள "பாங்"னுதான் கூப்பிடுவோம், அக்கான்னு அர்த்தம், எப்பவாச்சும் போன் பண்ணுவாங்க. எலெக்சனுக்கு மொத வாரம் பேசுனப்ப என்ன பண்ணப்போறீங்கன்னு கேட்டேன். சொந்த ஊருக்கு போயித்தான் ஓட்டுப் போடோணும், ஊர்த்தலைவரு வீடு வீடா லிஸ்ட் வெச்சிருக்காரு, மை இல்லாம பேக்டரிக்கு திரும்பி வந்தா லைன்லயே கேப்பாங்க, என்ன பண்றதுன்னு தெரியலேன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல, என்ன சொல்றது.

எலெக்சன் முடிஞ்சு கூப்பிட்டாங்க. வெரல்ல கருப்பா மை, வீடியோ கால்ல காட்டுனாங்க. அப்ப போட்டுட்டீங்களான்னேன். போட்டேன், பேப்பர்ல இருந்த இருபது கட்சிக்கும் போட்டேன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க பாருங்க, ஸ்பீக்கர் கிழியற மாதிரி. அன்னைக்கு செல்லாத ஓட்டு மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம், ஆளுங்கட்சிய தவிர மத்த எந்தக் கட்சிக்கும் அவ்வளவு ஓட்டு விழல.

தலைவர் சொன்னத கேக்கலையான்னு கேட்டேன். "அவரு பாரிஸ்ல இருக்காரு, அவரு வெரல யாரு பாக்கறா"ன்னாங்க. ஆனா போன்ல வால்பேப்பர் மட்டும் அதே மெழுகுவர்த்திதான்.